நிமிர்ந்தவர்மீது சுமத்திய பழி

ஆங்கில அகராதியைப் புரட்டுகிறவருக்கு ‘அப்பிட்டி’ என்ற சொல் சாதாரண வசையாகவே தோன்றும். அகம்பாவம், தலைக்கனம் என்று பொருள் எழுதி அகராதி நின்றுவிடும். ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அச்சொல் யாருடைய வாயிலிருந்து, யாரை நோக்கி, எத்தகைய சந்தர்ப்பங்களில் புறப்பட்டது என்று விசாரிக்கப் புகுந்தால், கொடிய சம்பிரதாயம் ஒன்று முழுவதும் அதனுள் அடங்கியிருப்பது தெரியவரும்.

அட்லாண்டா நகரத்துப் பத்திரிகையாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880-இல் வெளியிட்ட ‘அங்கிள் ரீமஸ்’ கதைகளில் இச்சொல் காணப்படுகிறது. கறுப்பினக் கிழவர் ஒருவர் சொல்வதாக அமைந்த அக்கதைகளில் அது குறித்தது ஒரு சிறு சிட்டுக்குருவியை. குருவியின் துடுக்கைச் சொல்லிய அந்தச் சொல்தான், வெள்ளையர் நாவில் ஏறியபின், மனிதரை அச்சுறுத்தும் ஆயுதமாயிற்று.

அதன் காரணம் அக்காலத்து நிலைமையில் இருக்கிறது. 1865-இல் அரசியல் சாசனத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது; ஆயினும் 1877-க்குப் பின் மத்திய அரசின் பாதுகாப்பு விலகவே, பழைய எஜமானர்கள் இழந்த ஆதிக்கத்தைச் சட்டத்தாலும் வழக்கத்தாலும் மீண்டும் நிலைநாட்டினர். ரயிலிலும் பள்ளியிலும் இனம் பிரித்தது சட்டம். சட்டம் எட்டாத இடங்களில் வழக்கம் காவல் நின்றது. எதிரே வெள்ளையர் வந்தால் நடைபாதையிலிருந்து இறங்கி வழிவிட வேண்டும். அவர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே செல்ல வேண்டும். நரைத்த தலையுடைய கிழவரையும் ‘பாய்’ என்றோ ‘அங்கிள்’ என்றோ அழைத்தார்களே ஒழிய, பெயருக்கு முன் ‘மிஸ்டர்’ சேர்க்க எவருக்கும் நா எழவில்லை. புல்மன் ரயில் பெட்டிகளில் பணி செய்த கறுப்பின ஊழியர் அனைவரையும், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால், ‘ஜார்ஜ்’ என்றே பிரயாணிகள் கூப்பிட்டார்கள்.

இந்த எல்லையை மீறி நல்ல உடை உடுத்தியவரும், நிலம் வாங்கியவரும், வாக்குரிமை கேட்டவரும் பெற்ற பட்டம்தான் ‘அப்பிட்டி’. அப்பெயர் பெற்றவரை வேலையிலிருந்து நீக்குவதும், வீட்டைக் கொளுத்துவதும், சில வேளைகளில் கும்பலாகக் கூடித் தூக்கிலிடுவதும் அதனைத் தொடர்ந்து நேர்ந்தன.

1963-இல் அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் நடந்த ஒரு விசாரணை இதனைத் துலக்கமாகக் காட்டும். சம உரிமை இயக்கத்தைச் சேர்ந்த மேரி ஹாமில்டன் சாட்சிக் கூண்டில் நின்றபோது, அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று வெறும் பெயரால் அழைத்தார். ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைத்தாலன்றிப் பதில் சொல்வதில்லை என்று அவர் உறுதியாக நின்றார். அதனைக் கோர்ட்டை அவமதித்த குற்றமாகக் கருதிய நீதிபதி, ஐந்து நாள் சிறைவாசமும் 50 டாலர் அபராதமும் விதித்தார். அலபாமாவின் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாய்மொழி வாதம் கேளாமலே, 1964 மார்ச் 30-ஆம் தேதி அதனை ரத்து செய்தது. மற்ற சாட்சிகளுக்கு வழங்கிய மரியாதையைத் தனக்கும் கேட்டதைத் தவிர அந்தப் பெண்மணி செய்த குற்றம் வேறொன்றுமில்லை.

2008-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, ஜார்ஜியா மாநிலத்துப் பிரதிநிதி லின் வெஸ்ட்மோர்லண்ட், ஒபாமா தம்பதிகளை இதே சொல்லால் குறிப்பிட்டார். கண்டனம் எழுந்தபோது, அதற்கு இன வாசனை உண்டென்று தாம் அறியவில்லை என்றார். அவர் அறியாமலே சொல்லியிருந்தாலும், கேட்டவர் நெஞ்சில் நூறாண்டு அவமானத்தைக் கிளறிவிடும் சக்தி அச்சொல்லுக்கு இருக்கத்தான் செய்தது.

மெய்யான அகம்பாவம் பிறரைத் தாழ்த்தி மகிழ்வது. இச்சொல்லைச் சுமந்தவர்களோ பிறரைத் தாழ்த்தியவர்கள் அல்லர். தாம் தாழ மறுத்தவர்கள். ஆகவே ஆங்கிலம் பயிலும் நம்மவர் இச்சொல்லைக் கையாளும்முன் அதன் சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும்; கறுப்பினத்தார் ஒருவரைக் குறித்து அதனை ஒருபோதும் சொல்லலாகாது.