வினையைக் கூட்டுவது யார்? மெய்கண்டார் வாதமும் செஞ்சிச் சமணமும்

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் வளைத்துச் செல்லும் செஞ்சிக் கோட்டை மதிலைக் காண்பவர், கொத்தனைக் காணாமலே அவன் இருந்தான் என்று துணிவார். அதே மலைகளில் அடுக்கி வைத்தாற்போல் கிடக்கும் பாறைகளைக் கண்டும் அவ்வாறு துணியலாமா? குடத்துக்குக் குயவன்போல் உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்ற நியாய நூலாரின் அனுமானம் இங்கேதான் இடறுகிறது. உதயனர் ‘நியாய குசுமாஞ்சலி’யில் அதை விரித்து நிறுவுவதற்கு முன்பே, மண்ணால் ஆனதால் புற்றும் குயவன் செய்ததாகுமோ என்று 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தர் தருமகீர்த்தி மறுத்திருந்தார்.

கர்த்தாவை மறுக்கும் சமண மரபு செஞ்சிக்குப் புதிதன்று. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் இரு வரிசையாக உள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை எனும் நினைவுக் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. அந்த நோன்பு எவரிடமும் அருள் வேண்டியதன்று. ஒட்டிய வினையை உயிர் தானே உதிர்க்கும் முயற்சி. அருகிலுள்ள மேல்சித்தாமூர் மடமும் சுற்றூர்களில் வாழும் நயினார்கள் எனப்படும் தமிழ்ச் சமணரும் அம்மரபை இன்றும் காத்து வருகின்றனர்.

செஞ்சி அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில், 13ஆம் நூற்றாண்டில், மெய்கண்டார் 12 நூற்பாக்களில் சைவ சித்தாந்த நூலான ‘சிவஞானபோத’த்தை அருளினார். சுட்டி அறியப்படும் உலகு தோன்றி, நின்று, அழிவது. ஆகவே ஒடுக்கியவனே அதை மீளத் தோற்றுவிக்கிறான் என்பது முதல் நூற்பாவின் கருத்து. அதே நூற்றாண்டில் கடவுள் உண்டு என நிறுவ ஐந்து வழிகளை வகுத்த கிறித்துவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸின் கடவுள் இன்மையிலிருந்து படைப்பவர். மெய்கண்டாரின் இறைவனோ, குடத்துக்குக் குயவன்போல், நிமித்த காரணம் மட்டுமே. குடத்துக்கு மண்போல் மாயை முதற்காரணம், உயிரும் பாசமும் அநாதி.

இந்த முதல் நூற்பா மட்டும் சமணருக்குப் போதிய விடையாகாது என்பது என் கருத்து. ஒரு பாறை உருண்டதால் மலையே உருளும் என்று கொள்ள முடியாது. அதுபோல, பொருள்கள் தனித்தனியே அழிவது கொண்டு உலகம் முழுவதும் ஒருசேர ஒடுங்கும் என்பது பெறப்படாது.

வாதத்தின் உண்மையான வலிமை இரண்டாம் நூற்பாவில் தொடங்கும் வினை பற்றிய ஆராய்ச்சியில் உள்ளது. வினை சடம், செய்தவனை அது அறியாது. உயிரும் தன் பழவினையை அறியாது. எனவே இரண்டையும் அறிந்து கூட்டுவிப்பவன் வேண்டும். சமணர் இதை ஏற்பதில்லை. வினை நுண்ணிய புற்கலம், அதாவது சடப்பொருள். உண்ட நஞ்சைப் போல ஏவுவார் இன்றியே பயன் தரும் என்பர். வலுவான மறுப்புத்தான். ஆனால் நஞ்சு உண்டவன் உடலுக்குள் வேலை செய்வது. வினைப்பயனோ பெரும்பாலும் பிறர் வழியே வருகிறது. திருடியவன் வினையும் பொருள் இழந்தவன் வினையும் ஒரே வாசலில், ஒரே இரவில் சந்திக்க வேண்டும். எண்ணற்ற உயிர்களின் கணக்கு இப்படி ஒன்றோடொன்று பொருந்துவதை, அவரவர் உயிரில் ஒட்டிய புற்கலம் கொண்டு விளக்குவது அரிது. இவ்விடத்தில் சைவ வாதமே விஞ்சி நிற்கிறது.

இவ்வெற்றி வினைக்கொள்கையை ஏற்ற இருவருக்கு இடையில் மட்டுமே செல்லும். வினையையே மறுக்கும் உலகாயதனிடம் அதே வாதம் எடுபடாது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் ‘சிவஞானசித்தியார்’ பரபக்கத்தில் உலகாயதத்தையே முதலில் எடுத்து மறுத்தது பொருத்தமான வரிசை.

எனவே மெய்கண்டாரை மேலைநாட்டு முதற்காரண வாதத்தின் தமிழ் வடிவமாக வகைப்படுத்துவது பிழை. சிவஞானபோதத்தைக் கற்பிப்போர் அக்குவினாஸுக்கு முன்னதாகத் திருநாதர்குன்றின் மரபை மாணவருக்கு அறிமுகம் செய்ய வேண்டுகிறேன்.