பிற்கால உரோம நாணயங்களும் ஜேர்மானிய மன்னர் காசுகளும்

மேலை உரோமப் பேரரசு கி. பி. 476 ஆம் ஆண்டில் வீழ்ந்தது என்பது வரலாற்றுப் பாடநூல்கள் பலவும் கூறும் செய்தியாகும். அவ்வாண்டிலே ஒடோவாக்கர் என்னும் ஜேர்மானியப் படைத்தலைவன், உரோமுலஸ் அகுஸ்துலஸ் என்ற இளம் பேரரசனை அரியணையினின்றும் நீக்கி, இத்தாலியின் ஆட்சியைத் தானே ஏற்றுக்கொண்டான். மாணவர் அவ்வாண்டை மனனஞ் செய்து, அதனோடு பழைய உலகம் முடிந்து புதிய உலகம் தொடங்கியதாகக் கருதுவர். ஆனால், அக்காலத்து இத்தாலியச் சந்தையில் நின்ற வணிகன் ஒருவன் தன் கையிலிருந்த புதுப் பொற்காசைப் புரட்டிப் பார்த்திருப்பின், பேரரசு வீழ்ந்ததென்பதற்கு ஓர் அறிகுறியையும் அதிற் கண்டிரான். 476 இற்குப் பின்னும் அந்நாட்டில் அடிக்கப்பட்ட பொற்காசுகளில் உரோமப் பேரரசரின் உருவமும் பெயருமே விளங்கின. ஆண்டவன் வேறொருவன், காசிற் பெயர் பெற்றவன் வேறொருவன். இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது, ஒரு காசை அடித்தவர் யாவர் என்பதை எங்ஙனம் அறிவது என்னும் இரண்டு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன. அவற்றின் விடையிலே ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளின் அரசியல் நிலை பெரிதும் அடங்கியுள்ளது.

பொற்காசின் இலக்கணம்

அக்காலப் பொற்காசு சொலிடஸ் எனப்பட்டது. பேரரசன் முதலாம் கொன்ஸ்தந்தீன் ஏறத்தாழ 309 ஆம் ஆண்டில் இதனை வகுத்தான். ஓர் உரோம இறாத்தல் பொன்னிலிருந்து 72 காசுகள் அடிக்கப்படவேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு காசின் நிறை ஏறத்தாழ நாலரைக் கிராம் ஆயிற்று. அதில் மூன்றிலொரு பங்கு நிறையுடைய சிறுகாசு திரெமிஸிஸ் எனப் பெயர் பெற்றது. நிறையிலும் மாற்றிலும் பிசகாது நின்றமையால் சொலிடஸ் பல நூற்றாண்டுகள் மதிப்புக் குன்றாது வழங்கிற்று.

காசின் முன்பக்கத்தில் பேரரசரின் உருவமும் பெயரும், பின்பக்கத்தில் வெற்றித் தெய்வத்தின் உருவமும் 'அகுஸ்துக்களின் வெற்றி' என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகமும் பெரும்பாலும் காணப்படும். அடியில் 'கொனோப்' என்ற சுருக்கெழுத்து இருக்கும். இதில் முதல் மூன்று எழுத்துக்கள் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்தைக் குறிப்பன. எஞ்சிய இரண்டும் புடமிட்ட தூய பொன் என்னும் பொருளன. அவ்விரண்டையும் கிரேக்க முறைப்படி எண்களாகக் கொள்ளின் 72 என்ற தொகை வருதலும் கருதத்தக்கது. மேலை நாட்டு அக்கசாலைகளில் இச்சொல் 'கொமோப்' எனச் சிறிது வேறுபட்டது. அன்றியும் அக்கசாலை இருந்த நகரின் பெயர்க்குறி உருவத்தின் இருமருங்கும் பொறிக்கப்பட்டது. இரவென்னாவுக்கு ஆர், வி என்பனவும், உரோமாபுரிக்கு ஆர், எம் என்பனவும், மிலானுக்கு எம், டி என்பனவும் குறிகளாயின. நாணயம் பயில்வோன் முதலிற் கற்கவேண்டிய நெடுங்கணக்கு இதுவேயாகும்.

செப்புக்காசுகளின் நிலை வேறு. ஐந்தாம் நூற்றாண்டின் செப்புக்காசு ஏறத்தாழ ஒரு கிராம் நிறையே உடையது. பலவற்றில் வாசகத்தின் பாதி காசின் விளிம்புக்கு அப்பாற் சென்று மறைந்துவிடும். 498 ஆம் ஆண்டிற் பேரரசன் அனஸ்தாஸியஸ் இக்குறையைப் போக்க எண்ணி, நாற்பது சிறுகாசு மதிப்புள்ள பெருஞ் செப்புக்காசை வெளியிட்டு, அதன் பின்பக்கத்தில் கிரேக்கத்தில் நாற்பதைக் குறிக்கும் எம் என்ற எழுத்தைப் பெரிதாகப் பொறிப்பித்தான். பின்பக்கத்தில் அத்தகைய மதிப்பெழுத்து உளதா இலதா என்று நோக்குதல், செப்புக்காசின் காலத்தை உய்த்துணர்வதற்கு எளிய வழியாகும்.

பெயர் ஒன்று, அடித்தவர் வேறு

ஒடோவாக்கர் பொற்காசுகளைத் தன் பெயரால் அடித்திலன். கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆண்ட சீனோவின் பெயராலும், இத்தாலியை இழந்து தல்மாத்தியாவில் 480 வரை உயிர்வாழ்ந்த யூலியஸ் நேப்போஸின் பெயராலுமே அவற்றை அடிப்பித்தான். தன் பெயரையும் மீசையோடு கூடிய தன் முகத்தையும் அரிதாகச் சில வெள்ளிக்காசுகளிலே இடம்பெறச் செய்தான். 493 இல் அவனைக் கொன்று இத்தாலியைக் கைக்கொண்ட கிழக்குக் கோத்தர் மன்னன் தியோதோரிக்கும் அவ்வழியையே பின்பற்றினான். அவனுடைய பொற்காசுகள் அனஸ்தாஸியஸ், யுஸ்தின் என்னும் பேரரசர்களின் பெயர் தாங்கியவை. அவற்றுட் சிலவற்றில், பின்பக்க வாசகத்தின் இறுதியில், எழுத்துக்களை ஒன்றோடொன்று பின்னி அமைத்த சிறிய பெயர்க்குறியொன்று உண்டு. அது தியோதோரிக்கின் பெயர். கூர்ந்து நோக்காதவன் கண்ணுக்கு அக்காசு உரோமப் பேரரசனுடையது. நோக்குபவனுக்கு அது கோத்த மன்னனுடையது.

ஆபிரிக்காவில் வந்தாலர் செய்ததோ இதனினும் வியக்கத்தக்கது. அவர்கள் 439 இற் கார்த்தேஜ் நகரைக் கைப்பற்றினர். அங்கு அடிக்கப்பட்ட அவர்களுடைய வெள்ளிக்காசுகளில், 423 ஆம் ஆண்டிலேயே இறந்துபோன ஹொனோரியஸின் பெயர் காணப்படுகின்றது. வந்தால மன்னருள் தன் பெயரைக் காசில் முதன்முதற் பொறித்தவன் 484 முதல் 496 வரை ஆண்ட குந்தமுந்து ஆவன். அவனும் வெள்ளியளவில் நின்றானேயன்றிப் பொன்னைத் தொட்டிலன்.

கல்லியாவில் மேற்குக் கோத்தரும் பேகண்டியரும் பேரரசரின் பொற்காசுகளைப் பார்த்து அவைபோன்ற காசுகளை அடித்தனர். இப்போலிகைகளை மூலத்தினின்றும் பிரித்தறிவது எளிதன்று. ஆராய்ச்சியாளர் துணைக்கொள்ளும் வழிகள் சில உள. முதலாவது, எழுத்து. இலத்தீன் அறியாத கம்மியன் எழுத்துக்களைப் படமாகவே கண்டு வெட்டினான்; அதனால் எழுத்துத் திரும்பியும், விடுபட்டும், இருமுறை வந்தும் பிழைபடும். இரண்டாவது, உருவம். ஒருவர் வெட்டியதைப் பார்த்து மற்றொருவர் வெட்டவெட்ட, வெற்றித் தெய்வத்தின் சிறகும் ஆடையும் வெறுங் கோடுகளாகத் தேய்ந்துவிடும். மூன்றாவது, அச்சு. ஒரே அச்சினால் அடித்த இரு காசுகளை இனங்கண்டால், அவை ஒரே அக்கசாலையில் அணித்தான காலத்தில் தோன்றியவை எனத் துணியலாம். நான்காவது, நிறையும் மாற்றும். காசை வெளியிலும் நீரினுள்ளும் நிறுத்து, அதன் அடர்த்தியைக் கணித்தாற் கலப்பு வெளிப்படும். தூய பொன்னின் அடர்த்தி நீரினும் 19.3 மடங்கு, வெள்ளியின் அடர்த்தி 10.5 மடங்கே.

மாற்றுக் குறைந்த காசுகளை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர் என்பதற்குச் சட்டங்கள் சான்று. பேரரசன் மயோரியன் 458 ஆம் ஆண்டில் விதித்த ஆணையொன்று, நிறை குறையாத சொலிடஸை வரி தண்டுவோர் மறுத்தலாகாதென்று கூறி, பொன் மதிப்புக் குறைந்த கல்லியக் காசை மட்டும் அவ்விதிக்கு விலக்காக்கியது. பிற்காலப் பேகண்டியச் சட்டத்திலும், ஏற்றுக்கொள்ளத் தகாத பொற்காசு வகைகள் பெயர் சுட்டி விலக்கப்பட்டுள்ளன. இன்று ஆய்வுகூடத்திற் செய்யும் ஆராய்ச்சியை அன்று வரி தண்டுவோன் தன் தராசினாலும் உரைகல்லினாலும் செய்தான் எனலாம்.

பெயர் ஒரு படைக்கலமாதல்

பேரரசரின் பெயரைப் பொறித்தல் வெறும் வழக்கமாயின், அதனை மாற்றுதலிற் கருத்தொன்றும் இராது. தோத்திலாவின் காசுகள் அஃது அவ்வாறன்று என்பதைக் காட்டுகின்றன. பேரரசன் யுஸ்தினியன் இத்தாலியை மீட்கப் படையனுப்பிக் கோத்தரோடு நெடும்போர் நிகழ்த்திய காலத்தில், 541 இல் தோத்திலா கோத்தர் மன்னனானான். தன்னோடு பொரும் யுஸ்தினியனின் பெயரை அவன் தன் பொன்னிலும் வெள்ளியிலும் நிலைக்க விட்டிலன். 518 இல் இறந்த அனஸ்தாஸியஸின் பெயரை மீண்டும் பொறித்தான். கோத்தர் ஆட்சியை ஒப்புக்கொண்ட பேரரசன் அனஸ்தாஸியஸ். ஆதலின், பேரரசோடு தமக்குப் பகையில்லை, இப்போது அரியணையில் உள்ளவனோடு மட்டுமே பகை என்பதை அக்காசுகள் நாட்டுக்கு உணர்த்தின. இக்காசுகளைப் பெயர் பார்த்து அனஸ்தாஸியஸின் காலத்தனவென்று வகுப்பவன், முப்பதாண்டுப் பிழை செய்வதோடு ஒரு போரின் நியாயத்தையும் காணத் தவறுகின்றான். புரொக்கோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் தோத்திலா என்றே வழங்கிய இம்மன்னனை, அவனுடைய காசுகள் பதுயிலா என்று குறிக்கின்றன. மன்னன் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொண்டான் என்பதற்குக் காசே நேர்ச்சான்று.

தம் பெயரைப் பொன்னிற் பொறித்தோர்

தியோதோரிக்கின் உருவத்தையே தாங்கிய பொற்பதக்கமொன்று 1894 ஆம் ஆண்டில் இத்தாலியின் செனிகாலியாவிற் கண்டெடுக்கப்பட்டது. மூன்று சொலிடஸ் மதிப்புள்ள இதனைப்போல வேறொன்று இன்றுவரை கிடைத்திலது. இதில் மன்னன் மீசையோடு விளங்குகின்றான். ஆயினும் தன்னைப் பேரரசன் என்னாது அரசன் என்றே கூறிக்கொள்கின்றான். இது சிறப்பு நிகழ்ச்சியொன்றை முன்னிட்டு வழங்கிய பதக்கமேயன்றிச் சந்தையில் வழங்கிய காசு அன்று.

வழக்கிலிருந்த பொற்காசிலே தன் பெயரைத் துணிந்து பொறித்தவன் பிராங்கு மன்னன் முதலாம் தெயுதபெர்த்து ஆவன். 534 அளவிற் பட்டமெய்தி, 547 அல்லது 548 இல் இறந்த இவனுடைய செயல் புரொக்கோப்பியஸின் சினத்தைக் கிளப்பிற்று. பொன்னிலே தன் உருவம் பொறித்தல் பாரசீக வேந்தனுக்குங்கூட உரியதன்று. அவ்வாறு பொறித்தாலும் வணிகர் அதனை ஏற்கமாட்டார் என்று அவர் எழுதினார். அவர் கூற்றிலே காரணம் வெளிப்படுகின்றது. பேரரசரின் முகம் பொன்னின் மாற்றுக்கு ஓர் உறுதி. அதனை நீக்குபவன் தன் காசு சந்தையிற் செல்லாதுபோகும் இடரை மேற்கொள்ளவேண்டும். தெயுதபெர்த்தும் பெயரையே மாற்றினான்; உருவ அமைதியையும் பல காசுகளில் 'கொனோப்' என்ற குறியையும் அவன் மாற்றிலன்.

அதன்பின் ஏனையோரும் அவ்வழிச் சென்றனர். ஸ்பெயினில் 568 முதல் 586 வரை ஆண்ட லேயோவிகில்து பேரரசரின் பெயரை நீக்கித் தன் பெயரைப் பொறித்தான். இத்தாலியில் இலொம்பார்தியர் நெடுங்காலம் பேரரசர் மொரீஸின் பெயரைப் பின்பற்றி அடித்து, ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் குனிங்க்பெர்த்தின் ஆட்சியிலேயே மன்னன் பெயரைப் பொன்னில் முழுமையாகக் கண்டனர். ஆகவே பொற்காசுகளை வைத்து நோக்கின், உரோமப் பேரரசின் முடிவு ஓராண்டில் நிகழ்ந்த வீழ்ச்சியன்று. நாட்டுக்கு நாடு வேறுபட்டு இரு நூற்றாண்டுகள் நீண்ட ஒரு தேய்வாகும்.

சேகரிப்போர் கடன்

இவ்வுண்மைகள் வெளிவந்தமைக்குச் சேகரிப்போரும் குறிப்பெழுதினோருமே காரணர். 1653 ஆம் ஆண்டில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த தூர்னே நகரில் நிலம் அகழ்ந்தபோது ஒரு கல்லறை வெளிப்பட்டது. அதிலிருந்த கணையாழி, அது பிராங்கு மன்னன் கில்தெரிக்கின் கல்லறை என்பதை அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகளும் இருநூறளவு வெள்ளிக்காசுகளும் அங்குக் கிடைத்தன. பொற்காசுகளுட் பெரும்பாலான முதலாம் லேயோவின் பெயருடையன. பிந்தியவை சீனோவின் காலத்தன. மன்னன் 481 அளவில் இறந்தான் என்பதோடு இது நன்கு பொருந்துகின்றது. ஷிஃப்ளே என்ற மருத்துவர் இப்பொருள்களை ஆராய்ந்து, படங்களோடு 1655 இல் நூலாக வெளியிட்டார். 1831 ஆம் ஆண்டில் அப்புதையல் பாரிஸ் நகர நூலகத்திலிருந்து களவுபோயிற்று. பெரும்பகுதி உருக்கப்பட்டது. இன்று அப்புதையலைப் பற்றி அறிஞர் அறிவதிற் பெரும்பகுதி ஷிஃப்ளேயின் நூலினின்றும் பெற்றதே.

எங்கே, எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பில்லாத காசு, பொன்னாக இருப்பினும் சான்றாக அரைமதிப்பே உடையது. போலிக்காசு செய்வோர் அக்குறிப்பில்லாமையையே தமக்கு வாயிலாகக் கொண்டனர். 1830 இல் இறந்த ஜேர்மனியரான பெக்கர் என்பவர், பண்டைக் காசுகளைப் போலவே அச்சுக்கள் வெட்டிப் பலரை ஏமாற்றினார். மேற்குக் கோத்தர் காசுகளும் அவர் கைக்குத் தப்பவில்லை.

முறையான வகுப்பாராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கிற்று. பிரிடுலாந்தர் கிழக்குக் கோத்தர் காசுகளைப்பற்றி 1844 இலும், வந்தாலர் காசுகளைப்பற்றி 1849 இலும் நூல் வெளியிட்டார். 1911 இல் ரோத் என்பார் பிரித்தானிய நூதனசாலையின் தொகுப்பை விவரித்துப் பட்டியல் வகுத்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிலிப் கிரியர்சன் நடுவயதை அணுகும் வேளையிற் சேகரிக்கத் தொடங்கி, ஏறத்தாழ இருபதினாயிரம் இடைக்கால நாணயங்களைத் திரட்டினார். அவர் 2006 இல் மறைந்தபோது அவை பிட்ஸ்வில்லியம் நூதனசாலைக்கு உரியவாயின. பிளாக்பேணோடு சேர்ந்து 1986 இல் அவர் வெளியிட்ட முதற்றொகுதி, ஜேர்மானியர் காசுகளைப் பயில்வோர்க்கு இன்றும் வழிகாட்டி. அவருடைய சேகரிப்பு விலைமதிப்பை நாடியதன்று. வகை தோறும் சான்று தேடியது.

இலங்கையும் இக்காசுகளும்

இவ்வாராய்ச்சி இலங்கைக்கு அயலானதன்று. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் உரோமச் செப்புக்காசுகள் இந்நாட்டிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த போலிகைகளும் அவற்றோடு கலந்துள்ளன. கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணய வரலாற்று நூலில் இவை ஆராயப்பட்டுள்ளன. கல்லியாவிலும் ஆபிரிக்காவிலும் எழுந்த அதே வினா இங்கும் எழுகின்றது: காசிற் காணும் முகம் யாருடையது, அதனை அடித்த கை யாருடையது?

ஆறாம் நூற்றாண்டில், தெயுதபெர்த்தின் காலத்தையடுத்து நூலெழுதிய கொஸ்மாஸ் என்ற கிரேக்கர் இலங்கையைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். சொப்பாத்திரஸ் என்ற வணிகனும் ஒரு பாரசீகனும் இலங்கை வேந்தன் முன் சென்றபோது, தத்தம் அரசருட் பெரியவர் யாவர் என்ற வினா பிறந்தது. சொப்பாத்திரஸ் இரு நாட்டு நாணயங்களையும் ஒப்புநோக்குமாறு வேண்டினான். பாரசீகனின் காசு வெள்ளி. உரோமனின் காசு ஒளிமிக்க பொன். வேந்தன் உரோமருக்கே சிறப்பளித்தான் என்பர். கதை முழுதும் நிகழ்ந்ததாயினும் ஆகாதாயினும், உலகின் ஓரெல்லை தொடங்கி மற்றோரெல்லை வரை அப்பொற்காசு செல்லும் என அதே நூலாசிரியர் கூறுவது கருதத்தக்கது. தம் வாளால் நாடுகளை வென்ற கோத்தரும் வந்தாலரும் தம் பெயரைப் பொன்னிற் பொறிக்கத் தயங்கியதன் காரணம், இந்துசமுத்திரத்துத் தீவொன்றின் அரசவையிலே பேசப்பட்ட அம்மதிப்பிலேயே காணக்கிடக்கின்றது.