குழந்தையின் வயிற்றுவலி: கணையத்தை யார் பார்ப்பது?

கம்பத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 9 வயதுச் சிறுமியை அவளுடைய தாய் என்னிடம் அழைத்துவந்திருந்தார். மஞ்சள் பை நிறைய 2 ஆண்டுகளின் மருத்துவச் சீட்டுகள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, வாந்தி, நான்கைந்து நாள்களில் தானாகத் தணிவு. சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே வலி. குடற்புழு மாத்திரை மூன்று முறை தரப்பட்டிருந்தது. ‘பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள்’ என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இருமுறை எடுத்த வயிற்று ஸ்கேனிலும் கணையத்தைப் பற்றி ஒரே வாசகம்: வாயு மறைப்பதால் முழுமையாகத் தெரியவில்லை. அந்த வாசகத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. வயிற்றின் மேல் கருவியை வைத்து அனுப்பும் மீயொலி அலைகளை, இடையிலுள்ள இரைப்பையிலும் குடலிலும் நிரம்பிய வாயு சிதறடித்துவிடும். இத்தடையைக் கடப்பதற்காக 1980-களின் தொடக்கத்தில் உருப்பெற்றதே எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே சிறிய ஸ்கேன் கருவியைப் பொருத்தி, வாய் வழியாக இரைப்பைக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் கொண்டுசெல்கிறார்கள். அங்கிருந்து கணையமும் பித்தநாளமும் மிக அருகில் இருக்கின்றன. தொலைவு குறைவதால் அலையின் அதிர்வெண்ணை 5 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்த முடிகிறது. அதிர்வெண் கூடினால் அலை ஆழமாகச் செல்லாது; ஆனால், படம் கூர்மையாகும். வழக்கமான ஸ்கேனில் தப்பிவிடும் மிகச் சிறிய பித்தக்கற்கள், மணல்போன்ற படிவுகள், கணைய நாளத்தின் தொடக்கநிலை மாற்றங்கள் ஆகியவை இதில் புலப்படும். சி.டி. ஸ்கேனைப் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை என்பது, வளரும் உடலுக்குச் சிறிய நன்மை அல்ல.

கம்பம் பள்ளத்தாக்கு இதில் கவனம் கொள்ள ஒரு தனிக் காரணம் உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று பாதைகளிலும் ஏறினால் கேரளம். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்னும் நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்ததில் அம்மாநிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1960-களில் பி.ஜே.ஜீவர்கீஸ் அங்கு நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து பதிவுசெய்தார். பிள்ளைப் பருவத்தில் வயிற்றுவலி, சில ஆண்டுகளில் நீரிழிவு, இளமையிலேயே மரணம் என்பதே அன்று அந்நோயின் போக்கு. மரவள்ளிக் கிழங்கின் மீது நெடுங்காலம் பழி இருந்தது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ‘ஸ்பிங்க்-1’ என்ற மரபணுவின் மாறுபாடுகளுக்குத் தொடர்பு இருப்பது பின்னர் தெரியவந்தது. இன்று இந்நோயாளிகள் முன்பைவிட நெடுநாள் வாழ்கிறார்கள். ஆனால், தொடக்கம் இன்றும் பல வேளைகளில் பிள்ளைப் பருவத்து வலிதான். ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் குடும்பங்கள் அந்த வலியை ஓமத்தண்ணீரால் தணித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகின்றன. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நோயறிதல் மட்டுமல்ல, சிகிச்சையும் இக்கருவியால் இயலும். சைக்கிளிலிருந்து விழும் குழந்தையின் வயிற்றில் கைப்பிடி குத்துவது கணையக் காயத்துக்குப் பெயர்பெற்ற காரணம். வெளியே சிராய்ப்புகூட இராது; சில வாரங்கள் கழித்துக் கணையத்தைச் சுற்றி நீர் கோத்துக் கட்டியாகும். பல கட்டிகள் தாமே வற்றிவிடும். வற்றாமல் தொல்லை தருவதை, முன்பு வயிற்றைத் திறந்து வடித்தார்கள். இப்போது இரைப்பைச் சுவரின் வழியே, ஸ்கேன் படத்தில் இரத்தக்குழாய்களை விலக்கிப் பார்த்து ஊசி செலுத்தி, ஒரு ஸ்டென்ட் வைத்து இரைப்பைக்குள்ளேயே வடித்துவிடலாம். பிறவியிலேயே உணவுக்குழாய் குறுகிய குழந்தைகளிடம் வேறொரு பயன்: அந்தக் குறுக்கம் குருத்தெலும்பாலானதா, வெறும் தசைநாரா என்பதைச் சொல்லும். தசைநார் என்றால் பலூனால் விரிக்கலாம். குருத்தெலும்பை விரித்தால் குழாய் கிழியக்கூடும். அதற்குப் பெரும்பாலும் அறுவைசிகிச்சையே வழி.

இத்தனையும் சொன்னபின், வயிறு வலிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது தேவை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பள்ளி வயதுக் குழந்தைகளின் தொடர் வயிற்றுவலியில் பெரும்பான்மை, உறுப்புக் கோளாறு ஏதும் இல்லாதது. கணையத்தில் ஐயம் எழுந்தாலும் முதலில் சாதாரண ஸ்கேன், அடுத்து எம்.ஆர்.சி.பி.; அவற்றில் விடை கிடைக்காதபோதுதான் இது. கருவி பெரியவர்களின் அளவுக்குச் செய்யப்பட்டது. பொதுவாக 15 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கே பயன்படுத்துகிறார்கள். ஆழ்ந்த மயக்கம் தேவை. நாள்பட்ட கணைய அழற்சியைக் கணிக்கும் அளவுகோல்கள் பெரியவர்களை வைத்து வகுக்கப்பட்டவை. அவற்றை அப்படியே குழந்தைக்குப் பொருத்தினால் இல்லாத நோயை ஒட்டவைத்துவிடலாம். ஆகவே, பழகிய கையும் குழந்தைகளுக்கான மயக்கவியல் நிபுணரும் ஓரிடத்தில் இருக்கும் பெரிய மையத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். தென் மாவட்டங்களுக்குப் பொதுவாக மதுரையில் அப்படியோர் அரசு ஏற்பாடு உறுதியாக வேண்டும், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து அங்கு நேரடியாகப் பரிந்துரைக்கும் வழியும் வேண்டும். கம்பத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கலாம். தந்தை இழக்கும் நாள்கூலியை ஏற்காது.

ஆனால், அந்தப் பயணம் தொடங்குவதே உள்ளூரில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில்தான் இருக்கிறது. கணைய அழற்சியின்போது அமைலேஸ், லைப்பேஸ் நொதிகள் இரத்தத்தில் இயல்பின் உச்ச அளவைப் போல் 3 மடங்கு அல்லது அதற்கும் மேல் உயரும். அமைலேஸ் சில நாள்களிலேயே இறங்கிவிடும். லைப்பேஸ் சற்று நீடிக்கும். வலி தணிந்தபின் வரும் குழந்தையிடம் எதுவும் தென்படாது. உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ வலியோடு வரும் அந்த இரவிலேயே லைப்பேஸ் பார்க்கும் வசதி இருந்தால், நடிப்பா நோயா என்ற வழக்கு அன்றே முடிந்துவிடும்.

அந்தச் சிறுமியின் தாயிடம், அடுத்த முறை வலி வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஏழு வாரங்கள் கழித்து வந்தார்கள். லைப்பேஸ் பல மடங்கு உயர்ந்திருந்தது. எம்.ஆர்.சி.பி.யில் காரணம் தெரியவில்லை. பின்னர் பெரிய மருத்துவமனை ஒன்றில் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் செய்தபோது பித்தப்பைக்குள் மணல்போன்ற படிவு தெரிந்தது. பித்தப்பை அகற்றப்பட்டது. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.