எழுத்துருவில் விடுபட்டவை

யாப்பறிந்து பாடுவோர்க்குக் குறில் நெடில் வேறுபாடே முதற்பாடம். ‘கெடு’ என்பது நிரையசை. ‘கேடு’ என்பதோ கே, டு எனப் பிரிந்து இரு நேரசையாகும். ஓசையில் இத்துணை வேறுபட்ட இவ்விரு சொற்களும் ஏட்டில் ஒரே வடிவிற் கிடந்த காலம் ஒன்றுண்டு. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென அஞ்சி எழுதுவோர் அதனை விடுத்தனர் என்பர். மெய்யின் புள்ளியும் அவ்வாறே ஒழிந்தது. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இல்லாதாயிற்று. ஆகவே ‘மரம்’ என எழுதியதை ‘மாம’ எனப் படிக்கவும் இடமுண்டு! சுவடிப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு வரியிலும் பட்ட பாடு இதனாலேயே.

அச்சு வந்தவுடன் இக்குறை நீங்கியிருக்க வேண்டும், ஈயம் கிழியாதன்றோ? ஆயினும், 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலில் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. வார்த்தவர்கள் தாம் கண்ட கையெழுத்தையே வார்த்தனர். ஓலைக்கு இருந்த அச்சம் உலோகத்திலும் தொடர்ந்தது. எழுத்து வடிவமைப்போர் கண்முன் உள்ள மாதிரியை மட்டும் நம்பி, மொழியின் இலக்கணத்தை உசாவாது விட்டால் நேர்வது இதுவே என்பது என் கருத்து.

சிதம்பரத்துக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள தரங்கம்பாடியில் நிகழ்ந்தது வேறுவகை. செருமனியின் ஆல்லே நகரில் உருவான தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கு வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியன, தாளோ அரிது. சீகன்பால்குவின் அச்சகத்தார் சிறிய எழுத்துகளைத் தாமே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் பிரித்து, கொம்பைச் சுழித்து நெடிலுக்கு உரியதாக்கியவர் வீரமாமுனிவர். கத்தோலிக்கரான அவரது கொடுந்தமிழ் இலக்கணம், சமயப் பூசல் மிக்க அந்நாளில், சீர்திருத்தச் சபையாரின் தரங்கம்பாடி அச்சகத்திலேயே 1738இல் அச்சேறியது சுவையான செய்தி. எனினும் அவர் திருத்தம் உடனே பரவிவிடவில்லை. அச்சுக்கோப்போர் பெட்டியில் அதற்கென அறை அமைந்த பின்னரே நிலைபெற்றது.

அப்பெட்டியின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். உயிரும் ஆய்தமும் 13. அகர மெய்யும் புள்ளி மெய்யும் 36. இகர ஈகார வரிசைகள் 36. உகர ஊகார வரிசைகள் 36. கால், இருவகைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியன 4. ஆக 125. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் நூற்றைம்பதை நெருங்கும். ஈய எழுத்துக்கு இது பொருட்டன்று. மேலும் ஓர் அறை தடுத்தால் போதும். கணிப்பொறிக்கோ அது பெருஞ்சிக்கலாயிற்று. 256 இடங்களில் ஆங்கிலமும் குறியீடுகளும் பாதியைக் கொள்ள, தமிழுக்கு எஞ்சியவை 128 மட்டுமே. ஆகவே திஸ்கி முதலிய ஏற்பாடுகளில் இகர ஈகாரக் கொக்கிகளைத் தனியே பிரித்து, டி, டீ இரண்டை மட்டும் முழு எழுத்தாக வைத்தனர். இடம் மிச்சமாயிற்று, ஆனால் கொக்கி சில எழுத்துகளில் ஒட்டாமலும் சிலவற்றில் முட்டியும் நின்றது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அட்டவணை வகுத்ததால், ஓரிடத்தில் கோத்த கவிதை மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாய் விரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணைய மாநாடு இதனை ஒழுங்குபடுத்தவே முயன்றது.

இடையில் வந்த 1978ஆம் ஆண்டின் அரசாணையையும் கருத வேண்டும். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று வடிவங்களை அது ஏற்றது. கற்போர்க்கு எளிமை பிறந்தது. நான் அதை வரவேற்பவளே. ஆயினும், நமக்கு அண்மையிலுள்ள வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய அதே 1867இல் வெளிவந்த திருவருட்பாவை, அன்றிருந்தவாறே இன்று கோக்க விழைவோர் என் செய்வர்? துதிக்கை வடிவில் வளைந்த பழைய ஐகாரத்துக்கு ஒருங்குறியில் தனியிடமில்லை. எழுத்து ஒன்றே, தோற்றம் மட்டும் வேறு என்பது அதன் கொள்கை, அக்கொள்கை சரியே. அதனால் பழைய வடிவைக் காக்கும் பொறுப்பு முழுவதும் எழுத்துரு வரைவோரைச் சார்கிறது. பலர் வரைவதில்லை.

இடம் கிடைத்தும் வடிவம் கிடைக்காத எழுத்துகளும் உள. ஶகரமும் தமிழ்ச் சுழியமும் 2005இலும், ஓங்காரக் குறி 2008இலும் ஒருங்குறியில் சேர்ந்தன. தமிழ் எழுத்துகளின் பகுதியிலேயே கிரந்த எழுத்துகளையும் சேர்க்க 2010இல் எழுந்த கருத்துக்குத் தமிழறிஞர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கிரந்தம் 2014இல் தனிப்பகுதி பெற்றது. இருவகை எழுத்தும் தத்தம் எல்லையில் நிற்பதே நன்று.

2019இலோ முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் பழங்கணக்குக் குறிகளுமாக ஐம்பத்தொன்று சேர்ந்தன. முந்நூற்றிருபதில் ஒரு பங்கை ஒரே குறியால் எழுதிய ஊர்க்கணக்கர்களின் எழுத்து அது. ஆயினும் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இன்றும் அவை இல்லை. அச்சிட முனைந்தால் ஒன்று வெற்றுக் கட்டம் தோன்றும். அன்றி வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிய குறி, தடிமனும் சாய்வும் ஒவ்வாது வரியின் நடுவே நிற்கும்.