பருமன் ஏற்பு இயக்கம்: உறுப்புரிமையும் சுய அடையாளமும்

பருமன் ஏற்பு இயக்கம், பருத்த உடலுடையோரை இழிவுபடுத்துவதையும் ஒதுக்குவதையும் எதிர்க்கும் சமூக இயக்கம். 1969இல் நியூயார்க்கில் பில் ஃபாப்ரே தொடங்கிய சங்கம் இதன் முன்னோடி. அவர் பருத்தவர் அல்லர். மனைவி பட்ட அவமதிப்பே அவரைத் தூண்டியது. அச்சங்கத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கிளையிலிருந்து பிரிந்த பெண்கள் ‘ஃபேட் அண்டர்கிரவுண்ட்’ குழுவை அமைத்து, 1973 நவம்பரில் உரிமை அறிக்கை வெளியிட்டனர்.

இத்தகைய குழுக்களில் யாரைச் சேர்ப்பது என்பது இன்றும் ஓயாத விவாதம். தராசு இதைத் தீர்த்துவைக்காது. 155 செ.மீ. உயரமும் 58 கிலோ எடையும் உள்ள பெண்ணின் உடல் நிறைச் சுட்டெண் ஏறத்தாழ 24. பொது அளவுகோலில் அது இயல்பானது; ஆசியர்களுக்கென உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004இல் முன்வைத்த 23 என்ற எல்லையையோ அது தாண்டிவிடுகிறது. ஆகவே தன்னைப் பருத்தவர் என்று சொல்லும் பெண்ணின் சொந்தச் சொல்லையே பல குழுக்கள் ஏற்கின்றன. ஆனால் சற்றே பருத்தவர்கள் பேச்சை நிறைத்துக்கொள்ள, பேருந்து இருக்கையே போதாதவர்கள் மீண்டும் ஓரமாகிறார்கள் என்ற முறைப்பாடு உண்டு, அது நியாயமானது. நுழைவு எல்லோருக்கும் திறந்திருக்கலாம், முதற்குரல் மிகவும் ஒதுக்கப்பட்டவர்களுடையதாக இருக்க வேண்டும்.

கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பெண்களுக்கும் உடல் அளவால் எடைபோடப்படுவது அந்நியமன்று. மருதமுனைக் கைத்தறிச் சேலைக்கு அளவெண் இல்லை. ஆயத்த அபாயாவுக்கு உண்டு. 35 வயதைக் கடந்தவர்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. அங்கே ஏளனத்துக்கு அஞ்சும் பெண், இரத்த அழுத்தம், கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகளையும் தள்ளிப்போட நேரும்.