முப்பது வயதில் போட்ட முழுக்கு

1966 ஜூலை மாதம். இங்கிலாந்தில் ‘தி டர்ட்டி டசன்’ என்ற போர்ப் படத்தின் படப்பிடிப்பு மழையால் நாள் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் கைதிச் சிப்பாயாக நடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஜிம் பிரவுன். அந்தச் சமயத்தில் அவர் அமெரிக்காவில், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ஃபுட்பால் அணியின் பயிற்சி முகாமில் இருந்திருக்க வேண்டும். அணியின் முதலாளி ஆர்ட் மோடெல் பொறுமை இழந்தார். வராத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்று அறிவித்தார்.

மிரட்டினால் விழுந்தடித்து ஓடிவருவார் என்று மோடெல் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஜூலை 14 அன்று பிரவுன் நிருபர்களை வரவழைத்தார். சிப்பாய் வேஷத்தைக்கூடக் கலைக்கவில்லை. ‘இனி ஆடப்போவதில்லை’ என்றார், அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 30. முந்தைய சீசனில்தான் 1,544 யார்டு ஓடி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியிருந்தார்.

இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பது புரிய, அமெரிக்க ஃபுட்பாலில் ‘ரன்னிங் பேக்’ என்பவரின் பாடு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். பந்தைக் கையில் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரணியின் பதினொரு பேருக்கு நடுவே ஓட வேண்டும். நம்மூர் கபடியில் பாடிப் போகிறவரை ஏழு பேர் அமுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அமுக்குகிறவர்களில் பலர் நூறு கிலோவைத் தாண்டியவர்கள், அதுவும் ஓடிவந்து மோதுகிறவர்கள். ஓர் ஆட்டத்தில் இருபது தடவை இப்படி அடி வாங்கினால் உடம்பு எத்தனை வருஷம் தாங்கும்? முழங்கால் போய், தோள்பட்டை போய், முப்பதைத் தொடுவதற்குள் அணி முதலாளியே ‘நன்றி, போய் வாருங்கள்’ என்று சொல்லிவிடுவார். இந்த வேலையில் முடிவு நாளைக் குறிப்பது பெரும்பாலும் அடுத்தவர்தான். பிரவுன் அதைத் தானே குறித்துக்கொண்டார்.

ஜார்ஜியா மாநிலக் கடற்கரையை ஒட்டிய செயின்ட் சைமன்ஸ் தீவில் 1936 பிப்ரவரி 17 அன்று பிறந்தவர். குத்துச்சண்டை வீரரான தந்தை குடும்பத்தை விட்டுப் போனார். தாய் நியூயார்க் பக்கம் வீட்டு வேலைக்குப் போய்விட, பிள்ளையைக் கொள்ளுப்பாட்டி வளர்த்தார். எட்டு வயதில் தாயிடம், லாங் ஐலண்டின் மன்ஹாசெட் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே பள்ளியில் ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால், லாக்ரோஸ், தடகளம் என்று கை வைத்த எல்லாவற்றிலும் கொடி நாட்டினார்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்த விதம் ஒரு தனிக்கதை. உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் பையன் போனான். பல்கலைக்கழகம் அப்படி எதையும் தரவில்லை. மன்ஹாசெட் வழக்கறிஞர் கென்னத் மல்லாய் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி முதல் வருடத்தை ஓட்டினார். விஷயம் பிரவுனுக்குத் தெரியவந்தது பிறகுதான். அணியில் கறுப்பினப் பையனை யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. வரிசையில் கடைசியில்தான் நிறுத்தினார்கள். இரண்டே வருடத்தில் அதே அணி அவரைச் சுற்றிச் சுழன்றது. 1956-ல் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளிகள், அத்தனையும் அவர் எடுத்தவை. பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டும் ‘டச் டவுன்’ ஆறு, கூடுதல் உதைகள் ஏழு. லாக்ரோஸ் தெரிந்த அமெரிக்கர்களில் பலர், பிரவுன் ஃபுட்பாலைவிட லாக்ரோஸில்தான் பெரிய ஆள் என்று இன்றும் வாதாடுவார்கள். இரண்டு விளையாட்டின் புகழ் மன்றங்களிலும் அவர் பெயர் இருக்கிறது.

1957-ல் கிளீவ்லாந்து அவரை எடுத்துக்கொண்டது. அணியின் பெயர் பிரவுன்ஸ் என்பதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது பயிற்சியாளர் பால் பிரவுனின் பெயரில் அமைந்த அணி. கறாரான மனிதர். ஒவ்வோர் ஆட்டமுறையையும் ஓர் ஆளிடம் சொல்லி மைதானத்துக்குள் அனுப்பிவைப்பார். வீரர்கள் சொந்தமாக யோசிக்க வேண்டியதில்லை. முதல் வருடமே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக ஜிம் 237 யார்டு ஓடினார். அதுவரை யாரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு ஓடியதில்லை. மறுவருடம் சீசன் முழுவதும் சேர்த்து 1,527. அதற்கு முந்தைய ஒரு சீசன் சாதனை 1,146தான்!

அவர் ஓடியதைவிட, விழுந்த பிறகு எழுந்ததைப் பற்றித்தான் எதிரணியினர் அதிகம் பேசினார்கள். நான்கைந்து பேர் மேலே விழுந்து அமுக்கியிருப்பார்கள். எல்லோரும் எழுந்து விலகியபின், பிரவுன் முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, கிழவர் திண்ணையிலிருந்து எழுவது போல மெள்ள எழுவார். தளர்ந்த நடையோடு தன் அணிக்குத் திரும்புவார். ‘இன்றைக்கு ஆள் முடிந்தான்’ என்று தோன்றும். அடுத்த நிமிடமே பந்தோடு பாய்ந்து வருவார். ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே அப்படித்தான் எழுவார். நிஜமாகவே அடிபட்ட அன்றும் எதிராளிக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்பதுதான் திட்டம். ஒன்பது சீசன், 118 ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

1962-ல் மட்டும் மணிக்கட்டுக் காயத்தோடு ஆடி 996 யார்டில் நின்றார். அதிகம் ஓடியவர் என்ற பட்டம் கைநழுவிய ஒரே வருடம் அது. பால் பிரவுனோடு கசப்பும் முற்றியிருந்தது. இடையில் எர்னி டேவிஸ் விவகாரம் வேறு. சிரக்யூஸில் ஜிம்மின் 44-ம் எண் சட்டையைப் பின்னாளில் போட்டவர் டேவிஸ். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் கறுப்பர். இருவரையும் ஒரே அணியில் ஓடவிட கிளீவ்லாந்து ஆசைப்பட்டது. டேவிஸுக்கு ரத்தப் புற்றுநோய். அவரைக் களமிறக்கலாமா கூடாதா என்பதில் மோடெலும் பால் பிரவுனும் முட்டிக்கொண்டார்கள். 1963 தொடக்கத்தில் பயிற்சியாளர் வேலையை இழந்தார். மே 18 அன்று, 23 வயதில், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் டேவிஸ் இறந்துபோனார்.

புதிய பயிற்சியாளர் பிளான்டன் காலியர் கடிவாளத்தைத் தளர்த்தினார். அந்த சீசனில் ஜிம் ஓடியது 1,863 யார்டு. மறுவருடம், 1964 டிசம்பர் 27 அன்று, பால்டிமோர் கோல்ட்ஸை 27-0 என்று கவிழ்த்து கிளீவ்லாந்து சாம்பியன் ஆனது. ஜிம்முக்குக் கிடைத்த ஒரே சாம்பியன் பட்டம் அதுதான்.

ஓய்வுக்குக் காரணம் வெறும் சினிமா மோகம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அதே 1966-ல் கறுப்பர்களின் தொழில் முயற்சிகளுக்குக் கை கொடுக்க ஒரு பொருளாதாரச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அதன் கிளீவ்லாந்து அலுவலகத்தில்தான் 1967 ஜூன் 4 அன்று அந்தப் புகழ்பெற்ற கூட்டம் நடந்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகமது அலியை கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸல், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன லூ அல்சிண்டர் உள்ளிட்ட வீரர்கள் மணிக்கணக்கில் குடைந்து கேட்டார்கள். பிறகு வெளியே வந்து அலியின் பக்கம் நின்றார்கள். சம்பளம் கொடுக்கிறவன் தன்னை உருட்டக் கூடாது என்ற பிடிவாதமும், அலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த துணிச்சலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

இங்கேயே நிறுத்திவிட்டால் ஜிம் பிரவுன் வீர சரித்திரம் ஆகிவிடுவார். அது நேர்மையல்ல. பெண்களைத் தாக்கியதாக அவர்மீது பல பத்தாண்டுகளாகப் புகார்கள் வந்தன. சிலவற்றில் விடுதலை ஆனார், சில பாதியிலேயே நின்றன. 1999-ல் மனைவியின் காரை அடித்து நொறுக்கிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. மனமாற்ற வகுப்புக்கும் சமூக சேவைக்கும் போகச் சொன்னது நீதிமன்றம். மறுத்தார். 2002-ல், அறுபத்தாறு வயதில், சிறைக்குப் போய் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். 1988-ல் தொடங்கிய அமைப்பின் மூலம் தெருக் கும்பல் இளைஞர்களுக்குச் சுயகட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர்! ரசிகர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

சாதனையை விட்டுக்கொடுப்பதிலும் அவருக்குப் பெரிய மனசு கிடையாது. இன்னொரு ரன்னிங் பேக்கான ஃபிராங்கோ ஹாரிஸ், பிரவுன் மொத்தமாக ஓடிய 12,312 யார்டை நெருங்கியபோது, ‘அடிக்குப் பயந்து கோட்டுக்கு வெளியே போகிற ஆள்’ என்று கிண்டலடித்தார், தானே திரும்பி வந்து ஆடுவேன் என்றும் மிரட்டினார். 1985 ஜனவரியில் இருவருக்கும் 40 யார்டு ஓட்டப் பந்தயமே வைத்தார்கள். 48 வயது பிரவுன் தோற்றார். ஹாரிஸும் 12,120-ல் நின்றுபோனார். சாதனையை முறியடித்தது வால்டர் பெய்ட்டன், அதுவும் அந்தப் பந்தயத்துக்கு முன்பே, 1984 அக்டோபரில்.

2023 மே 18 அன்று, எர்னி டேவிஸ் இறந்து சரியாக அறுபது ஆண்டுகள் ஆன நாளில், 87 வயதில் பிரவுன் காலமானார். மொத்த யார்டில் இன்று முதலிடத்தில் எம்மிட் ஸ்மித், 18,355. அதற்கு அவருக்கு 226 ஆட்டங்கள் தேவைப்பட்டன. ஆட்டத்துக்குச் சராசரி பார்த்தால் பிரவுன் 104.3 யார்டு. தொழில் வாழ்க்கை முழுவதற்கும் நூறைத் தாண்டியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். மிக அருகில் வந்தவர் பேரி சாண்டர்ஸ், 99.8. அவரும் மொத்த யார்டு சாதனைக்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தபோது, ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஆட்டத்தைவிட்டே போய்விட்டார். அவர் கதை அடுத்த வாரம்.