தட்பவெப்ப அபாயச் சுட்டிகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வெப்பம், மழை, புயல், காற்று மாசு ஆகியவற்றால் நேரக்கூடிய ஆபத்தின் அளவை எண்ணாகவோ வண்ணமாகவோ தெரிவிப்பவை தட்பவெப்ப அபாயச் சுட்டிகள். ஒரே சுட்டி ஒவ்வொரு துறைக்கும் வெவ்வேறு செய்தியைத் தருகிறது. நாளை 15 செ.மீ. மழை பெய்யும் என்றால், உழவர் அறுவடையைப் பற்றியும், அணைப் பொறியாளர் நீர் திறப்பைப் பற்றியும், மின்வாரியத்தினர் துணை மின்நிலையத்தைப் பற்றியும் எண்ணுகின்றனர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவரின் குடும்பம் எண்ண வேண்டியது, மருத்துவமனைக்குச் செல்லும் சாலை திறந்திருக்குமா என்பதை.

இச்சுட்டிகள் பொதுமக்கள் அனைவரையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றில் நோய் உள்ளவருக்கு ஆபத்து, அறிவிப்பு வெளியாகும் எல்லைக்கு முன்பே தொடங்கிவிடலாம். எனவே, சுட்டியின் பொருளை அறிவதுடன், அதை உங்கள் நோய்க்கும் உங்கள் வீட்டுக்கும் ஏற்பப் புரிந்துகொள்வதும் அவசியம்.

வண்ண எச்சரிக்கைகள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாக நான்கு வண்ணங்களில் அறிவிப்பு வெளியிடுகிறது.

• பச்சை: எச்சரிக்கை இல்லை.
• மஞ்சள்: நிலைமையைக் கவனித்து வருக.
• ஆரஞ்சு: ஆயத்தமாக இருங்கள்.
• சிவப்பு: உடனடியாக நடவடிக்கை எடுங்கள்.

நாள்பட்ட நோயாளி உள்ள குடும்பத்தினர் ஒரு படி முன்னதாகச் செயல்படுவது நல்லது. பிறர் ஆரஞ்சு எச்சரிக்கையின்போது செய்யும் ஆயத்தத்தை நீங்கள் மஞ்சள் எச்சரிக்கையின்போதே செய்து முடியுங்கள்.

வெப்ப அலை என்று எப்போது அறிவிக்கப்படுகிறது?

சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கடலோரத்தில் 37 டிகிரி. மலைப்பகுதியில் 30 டிகிரி. அத்துடன், அந்த ஊரின் இயல்பான அளவைவிட 4.5 டிகிரியேனும் கூடுதலாக இருக்க வேண்டும். இயல்பு எதுவாயினும், வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டால் அது வெப்ப அலையாகவே கொள்ளப்படும்.

ஓர் உள்மாவட்ட நகரில் மே மாத இயல்பு 38 டிகிரி எனக் கொள்வோம். அங்கே 42.5 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை. 41 டிகிரி பதிவாகும் நாளில் அறிவிப்பு வராது. ஆயினும், படுக்கையில் இருக்கும் எழுபது வயது இதய நோயாளிக்கு அந்த 41 டிகிரி ஆபத்தானதே. அறிவிப்பு இல்லை என்பதால் ஆபத்து இல்லை எனக் கருத வேண்டாம்.

மேலும், வானிலை நிலையத்தில் வெப்பநிலை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அளக்கப்படுகிறது. வயலிலும், உப்பளத்திலும், செங்கற்சூளையிலும், தகரக் கூரை வேய்ந்த வீட்டிலும் வெப்பம் இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஈரப்பதமும் இரவு வெப்பமும்

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை ஆவியாதல். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது வழிந்தோடும், உடல் குளிராது. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே ‘உணரும் வெப்பம்’. வெப்பநிலை 34 டிகிரியும் ஈரப்பதம் 70 விழுக்காடும் உள்ள நாளில் உணரும் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுகிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வசிப்போர் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

இரவு நேரக் குறைந்தபட்ச வெப்பநிலையும் முக்கியமான சுட்டி. பகல் வெப்பத்தில் களைத்த இதயமும் சிறுநீரகமும் இரவுக் குளிர்ச்சியில்தான் ஓய்வு பெறுகின்றன. இரவும் தணியாத நாள்கள் தொடர்ந்தால் ஆபத்து நாளுக்கு நாள் கூடும். கான்கிரீட் கூரையும் சுவரும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளியிடுவதால், மேல்தளத்தில் உறங்கும் முதியவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது எளிய, பயன்மிக்க நடவடிக்கை.

பொது அறிவுரை அனைவருக்கும் பொருந்துமா?

‘நிறையத் தண்ணீர் குடியுங்கள், இளநீர் அருந்துங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்’ என்பது கோடைக்காலப் பொது அறிவுரை. நலமுடன் இருப்போருக்கு இது சரியானது. பின்வரும் நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டே பின்பற்ற வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள்: இளநீரிலும் பழச்சாறுகளிலும் பொட்டாசியம் மிகுதி. செயலிழந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு சீர்கெட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் வெயில் கடுமையாக உள்ளது என்பதற்காக நீரின் அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. நிழலில் இருத்தல், ஈரத்துணியால் உடலைத் துடைத்தல், வாய் கொப்பளித்தல் ஆகியவை தாகத்தைத் தணிக்க உதவும்.

இதயச் செயலிழப்பு உள்ளோர்: நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாள்களில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது எனப் பொருள். மாறாக, எடை குறைந்து தலைசுற்றலும் ஏற்பட்டால் உடல் வறட்சியாக இருக்கலாம். நீர் பிரிக்கும் மாத்திரையின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். இரு நிலையிலும் உடனே மருத்துவரை அணுகுங்கள்.

மனநல மருந்து உட்கொள்வோர்: சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் உட்கொள்வோருக்கு உடல் வறண்டால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு நச்சாகும் வரை உயரக்கூடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி தோன்றினால் தாமதம் வேண்டாம்.

நீரிழிவு நோயாளிகள்: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மின்வெட்டு நீடித்தால், நீர் புகாத உறையில் இட்டு, ஈரமணல் அல்லது நீர் சூழ்ந்த மண்பானையில் நிழலில் வைக்கலாம். பனிக்கட்டியின் மீது நேரடியாக வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது.

எந்த மருந்தையும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. கோடை தொடங்கும் முன் மருத்துவரைச் சந்தித்து, “வெயில் கடுமையான நாளில் நான் எவ்வளவு நீர் அருந்தலாம்? எந்த மருந்தின் அளவை மாற்ற வேண்டும்?” என இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை எழுதி வாங்கி வீட்டில் ஒட்டி வையுங்கள்.

வெப்பத் தாக்கு: உடனே செய்ய வேண்டியவை

உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, குழப்பமான பேச்சு, வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அது வெப்பத் தாக்கு. தோல் வறண்டிருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். 108 எண்ணை அழையுங்கள். ஊர்தி வரும் வரை காத்திராமல், நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது.

மழை மற்றும் புயல் சுட்டிகள்

24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வது கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, 21 செ.மீட்டரும் அதற்கு மேலும் அதி கனமழை. இறுதி வகைக்கு மேல் எல்லை இல்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. எனவே, எச்சரிக்கை வந்தபின் அழைத்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடாமல் முன்னரே திட்டமிடுங்கள்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் செய்திகளில் பெரிதாக இடம்பெறும். அது கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் உரிய சுட்டி. வீட்டில் இருப்போர் பார்க்க வேண்டியது தம் மாவட்டத்துக்கான வண்ண எச்சரிக்கையையும், புயல் கரையைக் கடக்கும் எனக் கணிக்கப்படும் நேரத்தையும்.

ஆரஞ்சு எச்சரிக்கைக்கு முன் முடிக்க வேண்டியவை:

• டயாலிசிஸ் மையத்தைத் தொடர்புகொண்டு, முறையை முன்கூட்டியே செய்ய இயலுமா எனக் கேளுங்கள். அடுத்த முறை தாமதமானால் பின்பற்ற வேண்டிய உணவு, நீர்க் கட்டுப்பாட்டையும் கேட்டு வையுங்கள்.
• ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்துவோர், மின்சாரமின்றி இயங்கும் மாற்று உருளையை வைத்திருங்கள்.
• குறைந்தது 7 நாள்களுக்கான மருந்து, மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கைகளை நீர் புகாத பையில் இடுங்கள்.
• பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்னதாகவே மருத்துவமனைக்கு அருகில் தங்க வையுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துப் பருகுங்கள். தேங்கிய நீரில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் ஏற்பட்டால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். நீரில் நடந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

காற்றுத் தரக் குறியீடு

இந்தியாவில் இக்குறியீடு 0 முதல் 500 வரை கணக்கிடப்படுகிறது. 100 வரை பொதுவாகக் கவலையில்லை. 101 முதல் 200 வரை ‘மிதமானது’ எனப்பட்டாலும், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளோருக்கு இந்நிலையிலேயே மூச்சுத்திணறல் தோன்றலாம். போகி, தீபாவளி நாள்களில் குறியீட்டைப் பாருங்கள். சன்னல்களை மூடி, உறிஞ்சு மருந்தைக் கையருகே வையுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

முதியவர்க்குத் தாக உணர்வு குறைவு. பச்சிளங்குழந்தையும், நினைவிழப்பு நோயாளியும் சொல்ல இயலாதவர்கள். கேட்டால் தருவோம் எனக் காத்திராது, மருத்துவர் வகுத்த அளவில் நேரம் குறித்து நீர் கொடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாவது, வழக்கத்துக்கு மாறான சோர்வு, பேச்சில் தடுமாற்றம் ஆகிய மூன்றும் வெப்பமானியைவிட முன்னதாக உங்களுக்குச் செய்தி சொல்லும் சுட்டிகள். தனித்து வாழும் நோயாளியை, எச்சரிக்கை நாள்களில் காலையும் மாலையும் ஒருவர் நேரில் பார்த்து வர ஏற்பாடு செய்யுங்கள்.

உதவிக்கு

• அவசர ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை: 104
• மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070
• மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்களுக்கான நீர் அளவையும் மருந்து அளவையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.